கை படாத குவியல்

நாற்பத்தொன்று. நேற்றும் நாற்பத்தொன்றுதான். அவள் வெப்பமானிக் கம்பியைக் குவியலிலிருந்து உருவி, துணியால் துடைத்து, ஓரடி தள்ளிக் குத்திப் பார்த்தாள். அங்கே முப்பத்தொன்பது. இன்னோர் இடத்தில் குத்தினால் இன்னும் குறையும் என்று தெரிந்ததால் அதோடு விட்டாள். மனசு நொந்துபோக ஓர் எண் போதும்.

கல்லூரி உணவுக்கூடத்தின் பின்பக்கம், சைக்கிள் நிறுத்துமிடத்துக்கும் மதிலுக்கும் நடுவில், நான்கு மரச் சட்டங்களுக்குள் இருந்தது அந்தக் குவியல். உருளைக்கிழங்குத் தோல், வெங்காயச் சருகு, முட்டை ஓடு, காப்பிச் சக்கை, காய்ந்த இலை, கிழித்த அட்டைப்பெட்டி. இடுப்பளவு உயரம். ஐம்பத்தைந்து டிகிரிச் சூட்டில் மூன்று நாள் இடைவிடாமல் இருந்தால்தான் உள்ளே இருக்கிற கெட்ட கிருமிகளும் களை விதைகளும் சாகும். அப்புறம்தான் அதை உரம் என்று ஒப்புக்கொண்டு தோட்டத்தில் போட விடுவார்கள். அதுவரை அது சட்டப்படி குப்பை. ஒன்பது வாரமாக அது குப்பையாகவே இருந்தது.

ஏன் சூடேறவில்லை என்று அவளுக்கு முதல் வாரமே தெரிந்துவிட்டது. அதுதான் பெரிய கொடுமை. தெரியாமல் முழித்திருந்தால்கூட நிம்மதியாக இருந்திருப்பாள்.

சொந்த ஊர் நகராட்சியில் எட்டு வருடம் துப்புரவு ஆய்வாளராக இருந்தவள் அவள். ஒரு வருடம் விடுப்பு வாங்கிக்கொண்டு, கணவனையும் ஏழு வயது மகளையும் விட்டுவிட்டு, சுற்றுச்சூழலைப் படிக்கிறேன் என்று கடல் தாண்டி வந்திருந்தாள். ஊரில் அவள் பார்த்த குப்பை மேடுகள் யாரும் தொடாமலே சூடேறிப் புகை விடும். அணைப்பதற்குத்தான் எட்டு வருடம் அல்லாடினாள். குப்பையைச் சூடேற விடாமல் இத்தனை படித்தவர்கள் ஒன்று சேர்ந்து பாடுபடுவதை இங்கேதான் பார்த்தாள்.

காரணம் அந்த அட்டை. ‘செய்து கற்றல்’ என்பதுதான் இந்தப் படிப்பின் பெருமையே. பன்னிரண்டு மாணவர்களுக்கும் ஆளுக்கொரு பழுப்பு அட்டை. அதில் நாற்பது கட்டங்கள். ஒரு மணி நேரம் குவியலில் கை வைத்து வேலை செய்தால் ஒருங்கிணைப்பாளர் அம்மாள் ஒரு கட்டத்தில் இலை வடிவ முத்திரை குத்துவார். நாற்பது இலை சேர்ந்தால் தேர்ச்சி. குவியல் சூடேற வேண்டும் என்று பாடத்திட்டத்தில் எங்கும் ஒரு வரி கிடையாது. ஆக, பன்னிரண்டு பேரும் முறை வைத்து வந்து, காலையில் ஒரு கோஷ்டி, மத்தியானம் ஒரு கோஷ்டி என்று குவியலை அடியோடு புரட்டிப் போட்டார்கள். உலை வைத்த பானையை நிமிஷத்துக்கொரு தரம் திறந்து துழாவினால் அரிசி எப்போது வேகும்? அதுவும் மூச்சு விட்டால் ஆவி தெரிகிற இந்தக் குளிரில்.

அவள் வகுப்பில் எழுந்து சொல்லவும் செய்தாள்.

“தினமும் கிளறக் கூடாது. கிளறுற ஒவ்வொரு தடவையும் உள்ள இருக்கிற சூடு வெளியே போயிடுது. வாரத்துக்கு ஒரு தடவை போதும். மத்த நாள் மூடி வெச்சு சும்மா விடணும்.”

ஒருங்கிணைப்பாளர் அம்மாள் நல்லவர். அதில் சந்தேகமே இல்லை. கம்பளிச் சால்வையும் கனிவான சிரிப்புமாக, யார் எது சொன்னாலும் தலையாட்டிக் கேட்பார். கேட்டு என்ன செய்வார் என்பதுதான் கேள்வி. “ரொம்ப முக்கியமான பார்வை. இதை ஒரு பக்கம் எழுதிக் கொடுங்களேன்” என்றார்.

அவள் மூன்று பக்கம் எழுதிக் கொடுத்தாள். ஓரத்தில் பச்சை மையால் ‘அருமை’ என்று எழுதித் திருப்பி வந்தது. மறுநாள் காலை குவியலை வழக்கம்போலப் புரட்டினார்கள். முன்னால் நின்றவன் தாடிக்காரன். இருபத்துமூன்று வயது, அந்தக் குளிரிலும் செருப்பில்லாத கால். “மண்ணைத் தொட்டாத்தான் அது நம்மகூட பேசும்” என்று அவளிடம் வேறு சொன்னான். எட்டு வருடத்தில் எந்தக் குப்பையும் தன்னிடம் பேசியதில்லை என்று சொல்ல வாயெடுத்து, சின்னப் பையனிடம் என்ன வாக்குவாதம் என்று விழுங்கிக்கொண்டாள்.

அவளுக்குக் கோபம் மூக்கு நுனியில் இருக்கிறது என்று வீட்டில் சொல்வார்கள். மூக்கு நுனியில் இருந்தால் தும்மலோடு போயிருக்குமே. இது தொண்டையில் நிற்கிற கோபம். விழுங்கி விழுங்கியே இந்த ஒரு வருடத்தில் அவளுக்குப் பசி போய்விட்டது.

இந்த லட்சணத்தில் அவளுடைய அட்டையில் முப்பத்துநாலு இலைதான், அதுவும் வேறு வழியில்லாமல் மற்றவர்களோடு சேர்ந்து கிளறிச் சேர்த்தது. கிளறக் கூடாது என்று வீம்பு பிடித்துச் சில நாள் ஒதுங்கி நின்றாள். இன்னும் சில நாள் சமையலறையில் கிடந்தாள். அங்கே இருக்கிற ஆறு பேருக்கும் எதை எந்த வாளியில் போடுவது என்று சொல்லிக் கொடுத்து, நெகிழி உறையைக் கையால் பொறுக்கி எடுத்து, நிரம்பிய வாளிகளைத் தானே தூக்கி வந்து கொட்டினாள். இடுப்பு விட்டுப்போனது. ஆனால் அட்டையின் பின்பக்கம் அச்சடித்த பட்டியலில் மூன்றே வேலைகள்: கிளறுதல், கலத்தல், சலித்தல். வாளி தூக்குதல் அதில் இல்லை. ஆகையால் அவள் வாளியே தூக்கவில்லை என்று கணக்கு.

தலைமைச் சமையல்காரர் மட்டும்தான் அங்கே அவளிடம் தமிழில் பேசுகிற ஆள். இருபது வருடமாக இங்கேயே இருப்பவர். முதல் நாளே “தங்கச்சி” என்று கூப்பிட்டவர். அவள் கேட்டுக்கொண்டாள் என்பதற்காகத் தன் ஆட்களிடம் கெஞ்சியும் அதட்டியும் கழிவைப் பிரிக்க வைத்தவர். வெள்ளிக்கிழமை மத்தியானம் பாத்திரம் கழுவும் தொட்டியருகே அவளைத் தனியாகக் கூப்பிட்டார்.

“மேனேஜர் முடிவா சொல்லிட்டாரு. அடுத்த வெள்ளிக்கிழமைக்குள்ள அது உரம்னு காகிதம் வரணுமாம். இல்லேன்னா பழையபடி குப்பை லாரி. எல்லாத்தையும் ஒண்ணா கட்டி அனுப்பிச்சிரச் சொல்றாரு. குவியலையும் சேர்த்துத்தான்.”

“அண்ணே, இன்னும் ஒரு வாரத்துலயா?”

“ஒன்பது வாரம் ஆச்சேம்மா. என் ஆளுங்க என்னைப் பார்த்து நக்கலா சிரிக்கிறாங்க. முட்டை ஓட்டைத் தனியா எடுத்து வெச்சு என்னத்தைக் கண்டோம்னு கேக்கறாங்க. நான் என்ன சொல்ல?”

அவள் கழுவிய வாளிகளை எடுத்துக்கொண்டு வெளியே வந்தாள்.

அன்று சாயங்காலம் மகள் போனில் வந்தாள். திரை முழுக்க அவளுடைய வாய்தான். மேல்வரிசை முன்பல் ஒன்று ஆடிக்கொண்டிருந்தது.

“அம்மா, பாரு! இன்னிக்கு இன்னும் நல்லா ஆடுது.”

“நாக்கால தள்ளாதே.”

“தள்ளவே இல்ல. ஆப்பிள்கூட கடிக்கல, அப்பா வெட்டித்தான் குடுத்தாரு. நீ வந்து பாக்கறவரைக்கும் கையே வைக்கமாட்டேன். எத்தனை நாள்?”

“பதினாறு நாள்.”

“இவளோட பெரிய தொல்லை” என்று பின்னாலிருந்து கணவனின் குரல் கேட்டது. “ரெண்டு வாரமா ஒரு பக்கமாவே மெல்லுறா. பல் டாக்டர்கிட்ட போலாம்னாலும் வரமாட்டேங்கறா.”

பதினாறு நாளில் விமானம். அதற்குள் நாற்பது இலை. இல்லாவிட்டால் அடுத்த பருவத்துக்கு இருந்து முடிக்க வேண்டும். இன்னும் நான்கு மாதம். முடிக்காமல் திரும்பினால் நகராட்சியில் இந்த ஒரு வருட விடுப்பையே அனுமதியில்லாத விடுப்பு என்று எழுதிவிடுவார்கள். ஆறு இலை, ஆறு மணி நேரம். மண்வெட்டியை எடுத்து ஆறு மணி நேரம் அந்தக் குவியலைப் பந்தாடினால் போதும், மகளின் பல்லைப் போய்ப் பார்க்கலாம்.

திங்கட்கிழமை காலை குவியலுக்குப் போனால் யாருமே இல்லை. மத்தியானக் கோஷ்டியும் வரவில்லை. என்னவென்று விசாரித்தால், வெள்ளிக்கிழமையோடு எல்லோருடைய அட்டையும் நிரம்பிவிட்டதாம். மண்ணோடு பேசிக்கொண்டிருந்த தாடிக்காரன்கூட நாற்பதாவது இலை விழுந்த நிமிஷத்தோடு பேச்சை முடித்துக்கொண்டு காலுக்குச் செருப்பு வாங்கிவிட்டான். அவளுக்குச் சிரிப்பதா, தலையில் அடித்துக்கொள்வதா என்று புரியவில்லை. ஒன்பது வாரம் கரடியாகக் கத்தியும் கேட்காதவர்களை ஓர் அட்டை வீட்டுக்கு அனுப்பிவிட்டது.

கம்பியைக் குத்திப் பார்த்தாள். நாற்பத்தொன்பது.

மறுபடி பார்த்தாள். நாற்பத்தொன்பதேதான். சனியும் ஞாயிறும் யாரும் தொடவில்லை, அவ்வளவுதான் விஷயம். பழைய கோணிகளைத் தேடி எடுத்து நாலு பக்கமும் போர்த்தினாள். செவ்வாய் காலை ஐம்பத்திரண்டு. செவ்வாய் மாலை ஐந்து மணிக்கு ஐம்பத்தாறு.

சமையல்காரரைக் கூட்டிவந்து காட்டினாள். அவர் மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு எண்ணைப் படித்தார்.

“அடேயப்பா, காய்ச்சல்ல கிடக்குது.”

“இன்னும் மூணு நாள் இப்படியே கிடக்கணும் அண்ணே. வெள்ளிக்கிழமை சாயங்காலம் அஞ்சு மணி. அப்பதான் உரம்னு காகிதம் குடுக்கற சோதனைக்காரர் வர்றாரு.”

“அவ்வளவுதானே? யாரும் கை வைக்கலேன்னா சரி.”

யாரும் கை வைக்காமல் இருந்தால் சரிதான். கை வைத்தாக வேண்டிய ஆள் ஊரிலேயே ஒருத்திதான் மிச்சம், அது அவளே. அட்டையை ஒப்படைக்கக் கடைசி நேரமும் வெள்ளிக்கிழமை மாலை ஐந்து மணி. புதன்கிழமை படுக்கையிலிருந்து எழும்போதே அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கிளறாதே என்று தொண்டைத்தண்ணீர் வற்றக் கத்தியவள் ஒருத்தி. கிளறினால்தான் வீட்டுக்குப் போகலாம் என்று மாட்டிக்கொண்டவளும் அந்த ஒருத்தியே. இதை யாரிடம் போய்ச் சொல்லி அழுவது?

அழவில்லை. நேரே ஒருங்கிணைப்பாளர் அறைக்குப் போனாள். சன்னல் ஓரமெல்லாம் சின்னச் சின்னத் தொட்டிச் செடி. மேசையில் அந்த இலை முத்திரையும் பச்சை மைத் திண்டும்.

“குவியல் சூடேறிடுச்சு. இப்ப கிளறினா ஒன்பது வார உழைப்பும் போயிடும். நான் மூணு வேளையும் சூடு அளந்து குறிச்சுட்டிருக்கேன், கோணி போட்டு மூடியிருக்கேன், காவலுக்கும் உக்காந்திருக்கேன். அதுக்கு ஆறு மணி நேரம் போட்டுக் குடுங்க.”

“அளக்கறது கவனித்தல்” என்றார் அவர், மெதுவாக, குழந்தைக்குச் சொல்வதுபோல. “அதுக்கு வேற பாடம் இருக்கு. இது செய்தல்.”

“சமையலறையில வாளி தூக்கினேனே? அது செய்தல்தானே?”

“அது ரொம்ப நல்ல விஷயம். ஆனா பட்டியல்ல இல்லையே.”

“சரி, குவியல்லருந்து ஒரு தொட்டி அள்ளித் தனியா வெச்சுக் கிளறட்டுமா?”

“குவியலைத்தான் கிளறணும்மா.” அவருக்கே சங்கடமாகத்தான் இருந்தது. “உங்க நிலைமை எனக்குப் புரியுது. வீட்டுல சின்னக் குழந்தை இருக்கு. ஒண்ணு செய்யலாம். வெள்ளிக்கிழமை காலையில நானே வந்து பக்கத்துல நிக்கறேன். ஆறு மணி நேரம் கிளறுங்க, அங்கேயே ஆறு முத்திரையும் குத்தித் தர்றேன். தேர்ச்சிக்குக் குவியல் சூடா இருக்கணும்னு அவசியமே இல்லையே!”

கருணையோடு சொன்னார். அதைத்தான் தாங்க முடியவில்லை. அவர் கொஞ்சம் கெட்டவராக இருந்திருந்தால் மேசையில் ஓங்கி ஒரு தட்டுத் தட்டிவிட்டு வந்திருப்பாள். நன்றி சொல்லிவிட்டு வெளியே வந்து, கதவைக்கூட மெதுவாகத்தான் சாத்தினாள்.

புதன், ஐம்பத்தேழு. வியாழன், ஐம்பத்தெட்டு. மதிலோரம் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி போட்டுக்கொண்டு, இரண்டு ஸ்வெட்டரை மாட்டிக்கொண்டு அவள் உட்கார்ந்தே இருந்தாள். பக்கத்தில் உட்கார்ந்தால் கோணி வழியாகக் கதகதப்பு வந்தது. இந்த ஊரில் அவளுக்குக் கிடைத்த முதல் வெதுவெதுப்பு அதுதான் என்றால் யாரும் நம்பமாட்டார்கள். தாடிக்காரன் அந்தப் பக்கமாகச் சைக்கிளை எடுக்க வந்தவன், “என்ன, ஒண்ணும் செய்யாம உக்காந்திருக்கீங்க?” என்று கேட்டான். பல்லைக் கடித்துக்கொண்டு, “ஆமா” என்றாள்.

வெள்ளிக்கிழமை காலை சொன்னபடியே ஒருங்கிணைப்பாளர் அம்மாள் வந்து நின்றார். ஒரு கையில் முத்திரை, மறு கையில் மைத் திண்டு. மணி ஒன்பது. இப்போது ஆரம்பித்தால் மூன்று மணிக்கு முடிந்துவிடும்.

அவள் கோணியை விலக்கினாள். மண்வெட்டியை எடுத்தாள். ஒரே ஒரு கொத்துக் கொத்தி லேசாகத் தூக்கினாள். உள்ளிருந்து ஆவி குபுகுபுவென்று கிளம்பி அவள் முகத்தில் அடித்தது. மழை பெய்த காட்டின் வாசனை. ஒன்பது வாரமாக வராத வாசனை. ஒரு நாற்றமும் இல்லை, ஓர் ஈ இல்லை. ஆவிக்குள்ளே மகளின் ஆடுகிற பல்தான் அவள் கண்ணில் நின்றது.

காலி வாளிகளை எடுக்க வந்த சமையல்காரர் அப்படியே நின்றுவிட்டார். அவள் கையில் மண்வெட்டியையும் அந்த அம்மாள் கையில் முத்திரையையும் பார்த்ததும் அவருக்கு எல்லாம் விளங்கிவிட்டது.

“கிளறிடு தங்கச்சி” என்றார். “லாரி வந்தா வரட்டும். நான் சொல்லிக்கறேன். நீ பிள்ளைகிட்ட போய்ச் சேரு.”

ஆளாளுக்கு இப்படி நல்லவர்களாக நின்றால் ஒருத்தி என்னதான் செய்வாள்? அவளுக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. ஆவியால்தான் என்று நினைத்துக்கொள்ளட்டும் என்று துடைக்காமல் விட்டாள். அண்ணன் ‘கிளறாதே’ என்று சண்டை போட்டிருந்தால் அந்த வீம்பில் கிளறியிருப்பாள், அது உறுதி. தூக்கிய மண்ணை எடுத்த இடத்திலேயே வைத்து, தட்டி, கோணியை இழுத்துப் போர்த்தினாள்.

“இன்னிக்கு வேண்டாம் மேடம்.”

நியாயத்துக்காகச் செய்தாள், பூமிக்காகச் செய்தாள் என்றெல்லாம் யாராவது சொன்னால் அவளே ஒப்புக்கொள்ளமாட்டாள். அவள் போட்டது வேறு கணக்கு. சாயங்காலம் ஐந்து மணிக்குச் சோதனைக்காரர் ‘இது உரம்’ என்று கையெழுத்துப் போட்டுவிட்டால், அந்தக் காகிதத்தைக் கண்ணால் பார்த்த பிறகும் இவர்கள் ஆறு இலையைப் பிடித்துவைத்துக்கொண்டு இருப்பார்களா? மனிதர்கள்தானே. பார்த்தால் புரியாதா? இந்த ஒரு நம்பிக்கையில்தான் மண்வெட்டியை மதிலில் சாய்த்தாள்.

ஐந்து மணிக்குச் சோதனைக்காரர் தன் சொந்தக் கம்பியைக் குத்தினார். ஐம்பத்தெட்டு. மூன்று நாள் குறிப்பேட்டையும் புரட்டிப் பார்த்துவிட்டு அங்கேயே கையெழுத்துப் போட்டார். சமையலறை ஆட்கள் ஆறு பேரும் ஏப்ரனோடு வந்து கை தட்டினார்கள். சமையல்காரர் அந்தக் காகிதத்தை வாங்கி, ஈரக் கை படாமல் இரண்டு விரலால் பிடித்துக்கொண்டு மேனேஜரைத் தேடி ஓடினார். எங்கிருந்தோ பதினோரு பேரும் வந்து சேர்ந்தார்கள். ஆளுக்கொரு மண்வெட்டியைப் பிடித்துக்கொண்டு குவியலைச் சுற்றிப் போட்டோ எடுத்துக்கொண்டார்கள். அவள் குறிப்பேட்டோடு ஓரத்தில் நின்றதால் படத்தில் பாதித் தோள்தான் விழுந்தது.

ஒருங்கிணைப்பாளர் அம்மாள் அவளைக் கட்டிப் பிடித்துக்கொண்டார்.

“எவ்வளவு பெரிய விஷயம் செஞ்சிருக்கீங்க! கொஞ்சமும் கவலைப்படாதீங்க. அந்த ஆறு மணி நேரத்தை அடுத்த பருவத்துல முடிச்சிடலாம். இப்ப உரம் ஆயிடுச்சில்ல, சலிக்கலாம். சலித்தல் பட்டியல்ல இருக்கு.”

அவள் அட்டையை நீட்டிக்கொண்டே நின்றாள். முப்பத்துநாலு பச்சை இலை, ஆறு வெள்ளைக் கட்டம். அவர் அதைப் பத்திரமாக வாங்கி, ‘தொடரும்’ என்று எழுதிய உறைக்குள் போட்டுக்கொண்டார். அவளுக்கு எரிந்து விழ வேண்டும்போல இருந்தது. வாயைத் திறந்தாள். திறந்த வாய்க்குள் ஒரு வருடமாக விழுங்கியதெல்லாம் ஒன்றாக முட்டியதில் ஒரு சொல்கூட வெளியே வரவில்லை.

அன்றிரவு அவள் போன் செய்தபோது வீட்டில் விடிந்திருந்தது. சனிக்கிழமையும் பள்ளி உண்டு. மகள் பள்ளிச் சட்டையோடு திரைக்கு வந்தாள்.

“இன்னும் ஒன்பது நாள்தானே?” என்று ஆரம்பித்தாள்.

சுற்றி வளைத்தால் சொல்லவே முடியாமல் போய்விடும் என்று அவள் ஒரே மூச்சில் சொன்னாள். “அம்மாவால இப்ப வர முடியலடா தங்கம். இன்னும் நாலு மாசம் ஆகும்.”

“ஏன்? பெயில் ஆயிட்டியா?”

“ஆமா.”

“என்ன தப்பு பண்ணினே?”

“ஒண்ணும் பண்ணல. அதுக்குத்தான்.”

மகளுக்கு அது புரிந்த மாதிரி தெரியவில்லை. புரிந்துகொள்ள அதில் என்ன இருக்கிறது? பின்னால் கணவன் டிபன் டப்பாவை மூடுகிற சத்தம் நின்றுபோயிருந்தது. மகள் கொஞ்ச நேரம் விரல்களை மடக்கி மடக்கி மாதங்களை எண்ணினாள். அழுவாள் என்று அவள் காத்திருந்தாள். அழுதால் சமாதானம் சொல்லலாம் என்று நாலைந்து வாக்கியம்கூட தயாராக வைத்திருந்தாள்.

“அப்படின்னா பல்லுல கை வைக்கட்டுமா?” என்று மகள் கேட்டாள்.

அவள் திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். “வைம்மா” என்றாள்.

மகள் இரண்டு விரலை வாய்க்குள் விட்டாள். ஒரு தடவைகூட முழுசாக ஆட்டவில்லை. பல் கையோடு வந்துவிட்டது. அதைப் பக்கத்தில் கொண்டுவந்து காட்டினாள். திரையில் அரிசி அளவுக்குத்தான் தெரிந்தது.